பெயர் வெட்டாத கேரியர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஷீபா போன் செய்தாள். ரூபி அக்காவின் ஒரே மகள், கிணத்துக்கடவில் வாழ்க்கைப்பட்டவள். "சார், அம்மா போயிட்டாங்கன்னு பக்கத்து ஊட்டுல சொல்றாங்க. கொஞ்சம் போய்ப் பாருங்க சார், நான் வந்துட்டே இருக்கறேன்" என்றாள். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையே இரண்டு தெருதான். போனேன். நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். மாரடைப்பு என்றார்கள். அடுப்பு மேடையில் மூன்றடுக்கு கேரியர் நிரம்பி, கைப்பிடி பூட்டி, தயாராக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய், போக வேண்டிய வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்த பிறகுதான் நான் அழுதேன்.

அக்காவை ஆலயத்தில் பார்த்தவர்களுக்கு அவருடைய பாட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். நூல் மில்லில் முப்பது வருடம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. சுருதி சேரவே சேராது. ஆனாலும் சபையிலேயே உரக்கப் பாடுகிறவர் அவர்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அடக்கம் கிடையாது. மற்றபடி அவர் இருக்குமிடம் தெரியாது. நம் பகுதியில் யாராவது நோயில் படுத்துவிட்டால், அந்த வீட்டு கேட்டில் விடிந்ததும் ஒரு கேரியர் தொங்கும். சமைப்பது அக்கா. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால், கொண்டுபோய் மாட்டுவது என் ஸ்கூட்டர். எட்டு வருடம் இப்படி ஓடியது.

ஒருமுறை டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு அவரோடு போயிருந்தேன். இரண்டு கேரியர் எடுத்தார். கடைக்காரர் பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேருங்கம்மா?" என்றார். நம் ஊரில் எவர்சில்வர் சாமான் வாங்கினால் ஒரு கரண்டியில்கூடப் பெயர் இல்லாமல் வீட்டுக்கு வராது. என் மாமியார் எங்களுக்குக் கொடுத்த டம்ளர்களில் அவர் பெயரும் மாமனார் பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கின்றன. தண்ணீர் குடிக்கும்போது படித்துக்கொண்டே குடிக்கலாம். அக்கா மட்டும், "வேண்டாமுங்க, அப்படியே கட்டிக் குடுங்க" என்றார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"பேர் வெட்டுனா அது திரும்பி வந்தாகோணுமுங்க சார். வெட்டலைன்னா அவிங்கூட்டுலயே இருந்துட்டுப் போகுது. பார்க்கறவிங்களுக்கும் அது அவிங்க பாத்திரம்தானுங்களே."

எனக்கு அன்று அது ஒரு நல்ல பேச்சாகத்தான் பட்டது. முழுதாகப் புரிந்தது, நான் ஒரு பெரிய தப்பைச் செய்த பிறகுதான்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். ஜெபம் செய்யச் சொன்னால் நீளமாகச் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் சபையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு தம்பி இருக்கிறார். மஞ்சள் காமாலை முற்றி மூன்று மாதம் படுத்துவிட்டார். மனைவி அவரோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். அந்த வீட்டுக்குத் தினமும் கேரியர் போனது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவர் குடும்பத்தோடு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தார். அன்று ஜெபிக்க வேண்டிய முறை என்னுடையது. கண்ணை மூடினேன், வாய் ஓடியது. "ஆண்டவரே, இந்தச் சகோதரன் குடும்பம் உணவில்லாமல் தவித்த நாட்களில், அடியேனையும் சகோதரி ரூபியையும் உம்முடைய கருவிகளாகப் பயன்படுத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று, தம்பியின் பெயரையும் சொல்லி, உருக்கமாக ஜெபித்தேன். சமைத்தவர் அக்கா, சுமந்தது ஸ்கூட்டர், முதலில் நின்றது 'அடியேன்'. சுற்றிலும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தபோது தம்பியின் குடும்பம் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா வீட்டு கேட்டில் அந்தக் கேரியர் கழுவிக் காலியாகத் தொங்கியது. தம்பி முழுதாகத் தேறியிருக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. ஆனாலும் சோறு வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் யாரும் ஆலயத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "வேலை இருக்குதுங்க சார்" என்று பாதிக் கதவோடு அனுப்பிவிட்டார். மறைவில் நன்மை செய்வதைப் பற்றி நான் எத்தனை முறை பேசியிருப்பேன்! என் ஒரு ஜெபத்தால் ஒரு குடும்பம் சோற்றையும் விட்டு, சபையையும் விட்டுப் போய்விட்டது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அக்காவிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஆண்டவருக்குத் தெரியாதுங்களா சார்? அவருக்கு எதுக்கு ஊர் கேக்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "உங்கூட்டு மோட்டார் ஓடலைன்னீங்களே?" என்றார்.

"மூணு நாளா ஓடலைங்கக்கா."

"அதைக் கழட்டி அவர்கிட்டக் கொண்டு போங்க. உக்காந்து கட்டற வேலைதானுங்க, அவரால முடியும். செஞ்சவராட்ட போய் நிக்காதீங்க சார். வேணும்னு கேட்டுப் போய் நில்லுங்க."

போய் நின்றேன். "தம்பி, வீட்ல தண்ணி இல்லீங்க, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கதவை முழுதாகத் திறந்தார். மோட்டாரைப் பிரித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "சோறு கசக்கலைங்க சார். நீங்க எம் பேரைச் சொன்னப்ப எம்பட பொண்ணு கண்ணை முழிச்சு என்னையப் பார்த்துச்சுங்க. அதான் தாங்கலை." நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்புதான் தம்பி என்றேன்.

இரண்டு நாளில் மோட்டார் ஓடியது. கூலி வேண்டவே வேண்டாம் என்றார். வற்புறுத்த வாயைத் திறந்தவன், அக்கா முகம் நினைவுக்கு வர, "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வாங்கிக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று ஐம்பத்தொன்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிறு அவர்கள் ஆலயத்துக்கு வந்தார்கள். திங்கட்கிழமை கேரியர் மறுபடி அந்த வீட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது மேல் அடுக்கில் அவர்கள் வீட்டு மரத்து முருங்கைக்கீரை இருந்தது. அக்காவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை.

அடக்கத்தன்று பெட்டியை மூடுவதற்கு முன், யாராவது ஒருவர் ஜெபிக்கலாம் என்றார் போதகர். வழக்கம்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து காயில் கட்டும் தம்பி எழுந்து வந்தார். "ஆண்டவரே, மூணு மாசம் எங்கூட்டுல அடுப்பு எரியலை. இந்தக்கா ஊட்டு அடுப்புதான் எங்களுக்காக எரிஞ்சுதுங்க. இதை நான் சொல்லலாமுங்க" என்றார். அவ்வளவுதான் ஜெபம். பக்கத்தில் அவர் மகள் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். நான் கேட்ட ஜெபங்களிலேயே சிறந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். தம்பியைப் பற்றி இங்கே எழுதியிருப்பதும் அவர் சம்மதத்தோடுதான். மற்ற வீடுகளைப் பற்றி என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

காரியங்கள் முடிந்து ஷீபா வீட்டை ஒழித்தபோது, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். கேரியரைக் கேட்டேன். அவள் அதைத் துடைத்துக்கொண்டே, "அம்மா பேரை வெட்டித் தரட்டுங்களா சார், ஒரு ஞாபகத்துக்கு?" என்றாள். "வேண்டாம் கண்ணு, அப்படியே குடு" என்றேன். அவளுக்குப் புரிந்தது, அழுதாள்.

அக்காவிடமிருந்து என்னோடு இருப்பது அது ஒன்றுதான். ஆனால் இதை எழுதுகிற இந்தக் காலை வேளையில் அது எங்கள் வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்காதீர்கள்.