குத்துக்காரர் வீட்டுச் சுருள்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறிய பேருந்து கொடைக்கானலில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஏழு மணி. மன்னவனூர் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. நிலையத்துக்கு எதிரே இருபது ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். டீ சுமார்தான், குளிருக்கு அது போதும்.

நான் ராயபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய குத்துச்சண்டை வீரர்கள் எங்கேயாவது படச்சுருளில் மிஞ்சியிருக்கிறார்களா என்று தேடுவது எனக்கு ஒரு கிறுக்கு. பெரும்பாலானவை எரிந்தும் அழுகியும் போய்விட்டன. தப்பித்தவற்றில் நான் பார்த்ததெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள், நம்மூர் முகம் ஒன்றுகூட இல்லை. "செத்தவன் சண்டை போடுறதைப் பார்க்க இவ்வளவு செலவா?" என்று என் மனைவி கேட்பாள். நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

போன மாதம் கண்ணாடி வாங்க வந்த நர்சிங் மாணவி ஒருத்தி, கடைச் சுவரில் இருந்த குத்துச்சண்டைப் படங்களைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய பூட்டனார் சடையன் ஒரு துரையை ஒரே குத்தில் சாய்த்தாராம். அதைப் படம் பிடித்த சுருள் மன்னவனூரில் அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். அதன் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை.

மன்னவனூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம். பூம்பாறை தாண்டியதும் படிப்படியான வயல்களில் பூண்டும் கேரட்டும் கண்ணுக்கெட்டிய மட்டும் இருந்தன. கண்டக்டர் என்னை அங்கே இருக்கும் ஆட்டுப்பண்ணையைப் பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார். மாணவி சொல்லியனுப்பிய பழனிச்சாமி வீடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"குத்துக்காரர் வீட்டுக்கா? தொரைய ஒத்தக் குத்துல சாச்ச வம்சம்ங்க அது" என்றார். முன் இருக்கையில் இருந்தவர்களும் ஆளுக்கொரு துணுக்கைச் சேர்த்தார்கள். ஒருவர் கணக்குப்படி விழுந்த துரைகள் மூன்று பேர்.

வீட்டு நிலைக்கு மேலே 'குத்துக்காரர் இல்லம்' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. பழனிச்சாமி அந்த மாணவியின் அப்பா. ஐம்பது வயதிருக்கும், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். மனைவி பேச்சியம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசினார். சடையனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாதாம். ஒரு துரையின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது இந்தத் தகர டப்பாவைப் பரிசாகக் கொடுத்துப் போனாராம். ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லாததால் வீட்டில் யாரும் படத்தைப் பார்த்ததில்லை. "அவரு மொகம் எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்க. அத மட்டும் காட்டிருங்க" என்றார் பழனிச்சாமி.

டப்பா இருந்த இடத்தைக் கண்டு திக்கென்றது. அந்த ஊரில் அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே உள்ள பரணில் தொங்கவிட்டு விறகுப் புகை காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்தப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே, கரி பிடித்துப்போய், டப்பா உட்கார்ந்திருந்தது. அங்கே வைத்தது பேச்சியம்மாள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையே பூஞ்சை பிடித்ததைப் பார்த்திருக்கிறார். விதைப்பூண்டைக் காக்கிற புகை படத்தையும் காக்கும் என்பது அவர் கணக்கு.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். அழுகத் தொடங்கிய சுருளில் புளித்த காடி வாசம் அடிக்கும். இதில் புகையும் பூண்டும்தான் மணத்தன. கையுறை மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியே கட்டம் கட்டமாக நகர்த்தினேன். துல்லியமான படம்! என் ஆயுளில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

புல்வெளி. குடை பிடித்த துரைசானிகள், நாற்காலியில் துரைகள். நடுவே வெறுங்காலோடு ஒல்லியாக ஒரு மனிதர், சடையனாகத்தான் இருக்க வேண்டும். கைகளில் தலையணை போன்ற உறைகள். எதிரே அவரைப் போல இரண்டு மடங்கு ஆகிருதியுள்ள ஒரு சிப்பாய். சடையன் விழுகிறார். தூக்கி நிறுத்துகிறார்கள். மறுபடி விழுகிறார். கடைசியில் சில்லறையை வீசுகிறார்கள். உறை மாட்டிய கையால் புல்லில் கிடக்கும் காசைப் பொறுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. முழங்காலில் நின்று இரண்டு கையாலும் அள்ளுகிறார். படம் எடுத்தவனும் சிரித்திருக்க வேண்டும், காட்சி குலுங்குகிறது.

"தெரியுதுங்களா?" என்று பழனிச்சாமி பக்கத்தில் வந்தார்.

"இல்லண்ணே. பாழாப் போச்சு. ஒண்ணும் தெரியலை" என்றேன். சுருளை மடமடவென்று சுற்றி மூடினேன்.

அவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று அந்த நிமிடம் நினைத்தேன். ஆனால் பேச்சியம்மாளின் முகம் வெளிறிவிட்டது. அடுப்பையும் பரணையும் மாறி மாறிப் பார்த்தார். "நாந்தேன் புகையில போட்டு கெடுத்துப்புட்டேன். எங்க மாமியாரு அப்பவே வேண்டாம்னு சொன்னாக" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பழனிச்சாமி திட்டவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். அதைப் பார்த்தும் நான் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். அந்தக் கண்ணீரோடுதான் பேச்சியம்மாள் எனக்குச் சோறு போட்டார். கிளம்பும்போது பழனிச்சாமி டப்பாவை என் கையில் வைத்தார். பாழானதை வைத்துக்கொண்டு எங்களுக்கு என்ன சோலி, வைத்திருந்தால் இவள் தினமும் பார்த்து அழுவாள், உங்களுக்காவது உதவட்டும் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர்கள் அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்மை. அதில் பாதி ஆசை என்பதும் உண்மை.

மூன்று மணி வண்டியிலும் அதே கண்டக்டர். படம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "நல்லாத் தெரியுதுங்களா?" என்றார். மடியில் டப்பா கனத்தது. இவரிடம் தெரிகிறது என்றால் அங்கே சொன்னது பொய், தெரியவில்லை என்றால் அந்த அம்மாவை இன்னொரு முறை குற்றவாளி ஆக்குகிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்தேன்.

வீட்டில் இருவரும் வாசலிலேயே இருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். படம் நன்றாக இருக்கிறது, அதில் இருப்பது நீங்கள் நினைப்பது இல்லை என்றேன். பேச்சியம்மாளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "அப்ப புகை கெடுக்கலையா?"

"புகைதான்க்கா காப்பாத்தியிருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பழனிச்சாமி பூதக்கண்ணாடியை வாங்கி, வெளிச்சம் போகும்வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். முகம் வந்த இடத்தில் நிறுத்தி மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். மகளின் மூக்கு அப்படியே இருப்பதாக அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காசு பொறுக்கும் இடம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தனை பேரு நிக்கிறாங்க. அந்த உறையக் கழட்டிவிட ஒருத்தன்கூட இல்லியா?" என்றார் பழனிச்சாமி.

எத்தனையோ சுருள்கள் பார்த்திருக்கிறேன். யார் எத்தனை குத்து விட்டான் என்று எண்ணியிருக்கிறேன். சுற்றி நிற்பவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்று பட்டது, கூசியது.

டப்பாவைப் பழனிச்சாமி எனக்குத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. "அடி வாங்குனாலும் எங்க வீட்டு ஆளு. இங்கயே கெடக்கட்டும்" என்று பரணில் ஏற்றினார். நிலைக்கு மேலே இருந்த எழுத்தை என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு வேறு வண்டியில்லாததால் அந்த வீட்டிலேயே, அவர்கள் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

வெள்ளனே எழுந்து பேருந்துக்கு நின்றேன். பழனிச்சாமி கேரட் வயலுக்குப் போய்விட்டார். பேச்சியம்மாள் மட்டும் நிறுத்தம் வரை வந்தார். வண்டியின் விளக்கு வளைவில் தெரிந்ததும் பேசினார்.

"நேத்து நீங்க திரும்பி வரலைன்னா, நான் சாகுற மட்டும் நாந்தேன் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்திருப்பேன், இல்லண்ணே?"

"ஆமாக்கா" என்றேன்.