சும்மா கிடந்த காணி

“...அந்த மூலையில் இரண்டு முள் நெல்லிப் பற்றைகள் நின்றன. அவற்றுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன்” என்றார் அந்த ஜெர்மன் அம்மா, நடைவண்டியின் பிடியை விடாமலே. என் கணவர் தன் கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி என் கணவரைப் பார்த்தார். அந்த வசந்தம் முழுக்க முகத்துக்கு முகம் பாராமல் திரிந்த இரண்டு பேர்.

அது அந்த அம்மாவின் தோட்டம். கெல்சென்கிர்ச்சனில் ரயில் பாதையோரம் தோட்டச் சங்கம் குத்தகைக்கு விடும் சிறு தோட்டங்களில் ஒன்று. இடுப்பெலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. அவர் திரும்பி வருவது சந்தேகம், இப்போதைக்கு யார் பராமரிக்கிறாரோ அவருக்கே பிறகு கொடுக்கலாம் என்று சங்கத் தலைவர் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார். தனித்தனியாக.

ஆட்களின் வாயில் வருவதையெல்லாம் பொறுக்கி வைப்பது என் பழக்கம். எங்கள் சனத்திடம் ஒரு பேச்சு உண்டு: “சும்மா கிடக்குது.” கதிரையோ காணியோ, சும்மா கிடக்குது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அது யாருடையது என்று பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கசக்கிறது.

“நான்தானே மச்சான் முதல் கால் வச்சனான்” என்பார் கூட்டாளி.

“கால் வச்சாப் போதுமோ? மூலைப் பத்தை வெட்டினது ஆர்?” என்பார் இவர்.

“வெட்டிப்போட்டு நாரிப்பிடிப்பு, நிமிர ஏலாதெண்டு படுத்துக் கிடந்தனீ. கொத்தினது நான்.”

“ஏன், உன்ர அப்பற்ற வளவே இது?”

“அப்பற்ற வளவை ஆமி வச்சிருக்கு. இதையும் விடச் சொல்லுறியோ?”

இவருடைய அப்பாவின் வளவும் ஆமியிடம்தான். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கியவர்கள். அகதி முகாமில் ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்கட்டிலுமாகக் கிடந்தவர்கள். இப்போது நடுவில் ஒரு நீலக் கயிறு கட்டியாயிற்று. இந்தப் பக்கம் எங்கள் லீக்ஸும் மிளகாயும், அந்தப் பக்கம் அவருடைய உருளைக்கிழங்கு. சனிக்கிழமைகளில் கயிறு ஒரு சாண் நகரும், சில நாள் இங்கே, சில நாள் அங்கே. ஊரில் வேலியடைக்கிற காலத்தில் கதியால் தடி நகர்ந்தது போலத்தான்.

“ரெண்டு பேருமாச் சேந்து செய்யுங்கோவன், அண்ணை” என்று ஒருமுறை கூட்டாளியிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ஏலாது தங்கச்சி. ஒப்பந்தத்தில ஒரு பேர்தான் போடுவினம்.”

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை போனில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா, இஞ்ச முந்தி வந்த வெள்ளையளும் இப்பிடித்தானாம். ஒருத்தன் செம்மறி ஆட்டோட முதல் வந்தவனாம், மற்றவன் கவர்னர் எழுதித் தந்த துண்டுக் கடதாசியோட வந்தவனாம். ஆத்தங்கரை ஆருக்கு எண்டு அடிபாடு. அங்க அடுப்பு மூட்டி இருந்த சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லையாம்.” அன்று இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். “வெள்ளையளின்ர குணம் அது” என்று சொல்லி இன்னொரு பிடி சோறு போட்டுக்கொண்டார்.

பிறகுதான் அந்த அம்மா வந்து நின்றார், ஒரு சனிக்கிழமை, ஒருவரிடமும் சொல்லாமல்.

“இங்கே ஒன்றும் இருக்கவில்லை. வெறும் புல்தான்” என்றார் இவர், தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில்.

“புல் இல்லை. என் கணவர் நட்டவை.”

இவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். கூட்டாளி அந்த அம்மாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, உங்களுக்கெண்டால் டொச் பாஷை நல்லா வரும். கிழவியிட்டக் கேளுங்கோ, இதை ஆருக்கு விடப்போறா எண்டு.”

“எங்களுக்குத்தான் எண்டு சொல்லு” என்றார் இவர், சப்பாத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

நான் நடுவில் கிடந்த நீலக் கயிற்றைப் பார்த்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நடைவண்டியைப் பாதையில் விட்டுவிட்டு, தோட்டத்துக் குடிசையின் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய் ஒரு மடக்குக் கதிரையை இழுத்து வந்தார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். பற்றைகள் நின்ற மூலையில், எங்கள் லீக்ஸ் பாத்தியின் மேலேயே கதிரையை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.