கத்திச் சொல்ல முடியாத பேச்சு

என் வீட்டுக்காரருக்கு பீரோ பட்டறையில் வேலை. முப்பது வருஷமாகத் தகரத்தைத் தட்டித் தட்டி பீரோவெல்லாம் நிமிர்ந்தன. இவர் காதுதான் படுத்துவிட்டது. காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்பார். அறுபதைத் தாண்டிய இவர் யாராம், தொட்டில் பிள்ளையா?

போன மாதம் பட்டறை பெயிண்டர், பாவம், டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இவரைவிடச் சின்னவர். அன்று முழுக்க இவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுநாள் அறிவிப்பு வந்தது.

"இருக்கப்போறது கொஞ்ச நாள். இனிமே மத்தியானத்தோட வேலையை முடிச்சுக்கறேன். மிச்ச நேரமெல்லாம் உன்கூட மனசுவிட்டுப் பேசப்போறேன்."

ஐயோ, என் தலையெழுத்தே! போனது பெயிண்டர் மட்டுமில்லை, என் மத்தியானத் தூக்கமும்தான்.

சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மனிதர் மனசுவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவருக்கென்ன, பதில் சொல்லித் தொண்டை கிழிவது எனக்கல்லவா! "உனக்கு ஏதாவது மனக்குறை உண்டா?" என்று கேட்டார். "உங்க தங்கச்சிதான்!" என்று கத்தினேன். சாயங்காலமே மாடிவீட்டம்மா இறங்கி வந்து, "அப்படி என்னதாங்க செஞ்சா அந்தத் தங்கச்சி?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு டெய்லர் துணியை அளந்தபடியே என் முழங்கால் வலிக்குத் தைலம் சொல்கிறார். எங்கள் வீட்டு விஷயம் இவரைத் தவிர எல்லோருக்கும் ஒழுங்காகக் கேட்டது.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். என் பயம் வேறு. அந்த பெயிண்டர் மாதிரி இவரும் பொசுக்கென்று போய்விட்டால்? இந்த மனிதர் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். அதைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்கிற விஷயமா அது?

ஒருநாள் பொறுக்க முடியாமல் நாற்காலியைப் பிடுங்கினேன். "மெஷின் வச்சுக்கிட்டு வந்து பேசுங்க. இல்லாட்டி பட்டறைக்கே போங்க!"

"இருக்கப்போற கொஞ்ச காலத்துக்கு அது எதுக்குடி?"

"அந்தக் கொஞ்ச காலத்துக்குத்தான்!"

அது காதில் விழுந்ததோ மண்டையில் விழுந்ததோ, மறுவாரம் மெஷினோடு வந்து உட்கார்ந்தார். ஃபேனை அண்ணாந்து பார்த்து, "இது எப்பவுமே இப்படித்தான் கத்துமா?" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"நீங்க இல்லாம என்னால ஒருநாள்கூட இருக்க முடியாதுங்க!"

தெருவே அதிர்ந்தது. டெய்லரின் தையல் மெஷின் டக்கென்று நின்றது. மாடியில் யாரோ கைதட்டினார்கள். மானமே போயிற்று எனக்கு; இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

காதைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தவர், போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். "மெதுவா."