ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள்?

மொரப்பூர் ரயில் நிலையத்தில், சேலம் செல்லும் காலை ரயில் நடைமேடைக்குள் நுழைந்தபோது என் மகள் நிவேதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலத்தில் கல்லூரியில் சேர்ந்து, தினமும் ரயிலில் போய்வரும் நான்காவது மாதம். உடன் படிக்கும் பெண் தொலைபேசியில் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன்: நெஞ்சு படபடப்பு, மூச்சடைப்பு, விரல்கள் மரத்துப்போதல். செத்துவிடுவோம் என்று தோன்றியதாக அவளே பிறகு சொன்னாள். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. ரயில் போய்விட்டிருந்தது.

மருத்துவமனையில் ஈசிஜி (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பத்து நாளில் இருமுறை அதே நடைமேடையில் அதே நிலை. அதன்பின் அவள் ரயிலடிக்குப் போகவில்லை.

நான் கம்பைநல்லூர் பக்கம் ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளர். இருபத்தொரு ஆண்டுகளாகக் குழந்தைகளின் எடையை எடுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வருகிறேன். கோடு ஏறாமல் படுத்தால் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பேன். மகளுக்கும் அப்படியே ஒரு நோட்டுப் போட்டேன். தூங்கிய நேரம், சாப்பிட்ட இட்லி, படபடப்பு வந்ததா, பத்துக்கு எவ்வளவு. கட்டங்களை நிரப்ப அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

வருகைப்பதிவு இன்னும் குறைந்தால் பருவத் தேர்வு எழுத முடியாது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

"காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ள வூட்ல இருந்தாப் போதும்," என்றார் என் கணவர்.

நிவேதா கடிதத்தை மடித்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தாள். படிப்பை விட்டுவிட அவளுக்கு மனமில்லை என்பது அதில் தெரிந்தது.

தருமபுரியில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். 'பேனிக் டிஸார்டர்' (ஆபத்து இல்லாதபோதும் உடல் திடீரென உச்ச அச்சத்துக்குப் போகும் நோய்) என்றார் அந்தப் பெண் மருத்துவர். தினம் ஒரு மாத்திரை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒரு நாளைக்கு எத்தன தடவ 'எப்படி இருக்கு'ன்னு கேக்கறீங்க?"

"மூணு நாலு தடவ இருக்குங்க."

நிவேதா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. "அய்யோ டாக்டர்! பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு கேக்கறாங்க. பதில் சொல்ல லேட்டானா கதவத் தட்டறாங்க."

"நீங்க கேக்கறப்பெல்லாம் அவ தன் நெஞ்சைத் தேடிப் பாக்கறா. தேடுனா படபடப்பு வரத்தான் செய்யும்," என்றார் மருத்துவர். "தன்னையே ஏதாவது பண்ணிக்குவேன்ங்கற மாதிரி பேச்சு வந்தா மட்டும் நேராக் கேளுங்க, உடனே கூட்டிட்டு வாங்க. மத்தபடி இனிமே அவளப் பத்தி எழுதாதீங்க. நீங்க கேக்கறத எண்ணி எழுதுங்க."

முதல் நாள் எண்ணிக்கை இருபத்தாறு. பேசாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேட்காமல் இருப்பது, பிள்ளையைக் கைவிட்டதுபோல் இருக்கும். அதைவிடச் சங்கடம், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் போவது. தக்காளி விலையைப் பற்றிப் பேசினேன். அவள் தோழியின் அக்கா திருமணத்தைப் பற்றிப் பேசினாள். இரண்டாம் வாரம் எண்ணிக்கை நாளைக்கு ஒன்பது, நான்காம் வாரம் நான்கு.

அந்த வாரம் மருத்துவர் சொன்ன பயிற்சி (அஞ்சும் இடத்தைச் சிறிது சிறிதாகப் பழகுவது) தொடங்கியது. முதலில் நடைமேடையில் உட்கார்ந்து ரயில்கள் போவதைப் பார்ப்பது மட்டும். அடுத்து, பொம்மிடி வரை தனியாகப் போய்ப் பேருந்தில் திரும்புவது. நான் நிலையத்துப் படிக்கட்டைத் தாண்டக் கூடாது. மூன்றாவது முறை, பொம்மிடியில் இறங்கியதும் படபடப்பு வந்து, அடங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

"நான் அப்பவே சொன்னன்ல," என்றார் அவள் அப்பா.

"வந்துச்சுப்பா. அதுவே போயிருச்சு. நாளைக்கு மறுபடியும் போறேன்."

சேலம் வரை போன முதல் நாள், நான் அங்கன்வாடியில் எடை எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி பையில் இருந்தது. மாலையில் வந்து செருப்பைக் கழற்றியவள் என்னையே பார்த்தாள்.

"கேக்கணும்னு இருக்குல்ல?"

"இருக்கு."

"இருக்கட்டும். பசிக்குது, ஏதாவது குடு."

மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, தேர்வு எழுத அனுமதி வாங்கினாள். மாத்திரை தொடர்கிறது. படபடப்பு எப்போதாவது வருகிறது என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது, என்னிடம் அதற்குக் குறிப்பு இல்லை.

அந்தக் கேள்வி எங்கும் போய்விடவில்லை. முன்பு வாயில் இருந்தது, இப்போது என் விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. காலையில் அவள் ரயில் கிளம்பும் நேரத்துக்கு ஒருமுறை அசைகிறது. அது அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று நான் பார்ப்பதில்லை. முதல் குழந்தையைத் தூக்கி எடைத் தராசில் வைக்கிறேன்.