கலிங்கை அடைத்தவர்

அந்த மனிதர் செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது அவர் பேச்சை எடுத்தால் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். அந்த நாலு வார்த்தையை அவர் பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அதனால் ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். புயல் நாகப்பட்டினத்துக்கு, மழை நமக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். செய்தி கேட்ட கையோடு போய்க் கலிங்கை அடைப்பார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஆற்றுக்குப் போகிற இடம்தான் கலிங்கு. அங்கே கல் தூண்களுக்கு நடுவில் பனந்துண்டுகளைக் குறுக்கே போட்டு, வைக்கோலும் களிமண்ணும் திணித்துவிட்டால் ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து நிற்கும். மற்ற ஊர்களில் புயல் வருகிறதென்றால் தண்ணீருக்கு வழி விடுவார்கள். நாங்கள் இருந்த வழியையும் அடைத்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தோம்.

அடைக்கச் சொல்கிறவர் அவர். ஏரிப் பாசனத்துக்கு அவர்தான் தலைவர். ஏரிக்குக் கீழே பாதி நிலம் அவருடையது. இறங்கி அடைக்கிறவர்கள் எங்கள் தெரு ஆண்கள், அவருடைய வயலில் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் தெரு ஏரிக்கரையின் வடக்குக் கோடியில், பள்ளத்தில் இருந்தது. அவர் சொல்லாமல் ஒரு துண்டைக்கூட யாரும் தொட முடியாது.

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம், கலிங்கை அடைத்த மறுநாள் மழை விடாமல் அடித்தது. காலையிலேயே அப்பா அவர் வீட்டுக்குப் போனார். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். குடை பிடிக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

"அய்யா, கர கசியுதுங்க. கலிங்கத் தொறந்து வுட்டுடலாங்க" என்றார் அப்பா.

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "புயலு நாகப்பட்டினத்துக்குடா. ஒனக்கு ஏன் நடுங்குது? வர்ற தண்ணிய ஆத்துக்கு வுட்டுட்டு, மாசியில ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காரச் சொல்றியா?" என்றார்.

பொழுது சாய்வதற்குள் வடக்குக் கோடியில் கரை உடைந்தது. மண்சுவர் வீடுகள் கரைந்து போயின. எங்கள் வீட்டுச் சுவர் அம்மாவின் காலில் விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா நேராக நடக்கவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர் உடைப்புக்குப் பக்கத்தில் இருந்த எலி வளைகளைக் காட்டினார். பிறகு கூட்டத்தில் நின்ற அப்பாவைக் காட்டினார். "இந்தா நிக்கிறான் பாருங்க. எலி வெட்டி எலி வெட்டியே கரயத் தொளச்சவன் இவந்தான்."

அறுப்பு முடிந்த வயல் வரப்பில் நாங்கள் வளையைத் தோண்டிக் கறிக்கு எலி வெட்டுவது உண்மை. அதற்காக, தலைக்கு மேல் ஏரியை வைத்துக்கொண்டு பள்ளத்தில் குடியிருக்கிறவன் அந்தக் கரையையா வெட்டுவான்? இதைக் கேட்க அன்றைக்கு அங்கே ஒரு ஆண்பிள்ளை இல்லை. மேலத்தெருவில் ஊர்க்கூட்டம் போட்டு அப்பாவைச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழவைத்தார்கள். உடைந்த கரையை எங்கள் தெரு கூலியில்லாமல் போட்டுக் கொடுத்தது. அதன் பிறகு அப்பா கரை மேல் நடந்ததில்லை, சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். கரையைத் துளைத்தவன் என்ற பேரோடுதான் செத்தார். பிணத்தின் முன்னால் அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. "அந்தப் பேரோடயா போற?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், அந்தப் பேரை எடுத்து உரியவர் தலையில் வைக்காமல் விடுவதில்லை என்று.

சத்துணவு வந்தபோது எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது, சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. கார்த்திகை பிறந்தால் நான் ரேடியோவை விட்டு நகர மாட்டேன். எண்பதுகளின் நடுவில் மறுபடியும் ஒரு புயல் வந்தது. அவர் வழக்கம்போல் கலிங்கை அடைத்தார்.

இந்த முறை காலையிலேயே எங்கள் தெருவை ஆடு, கோழி, சட்டி பானையோடு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டேன். "நமக்கென்ன கடலா இருக்கு?" என்று முணுமுணுத்தவர்களை வாயில் வந்தபடி திட்டித்தான் கிளப்பினேன். ஆடுகளுக்கு மூன்றாம் வகுப்பை ஒதுக்கினேன். மதியம் வருவாய்த் துறை ஜீப் வந்தது, தாழ்வான பகுதி மக்கள் மேட்டுக்குப் போகும்படி மைக்கில் சொல்லிக்கொண்டு. ஏரியின் தெற்குப் பக்கம் இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதில் அவர் வீட்டுப் பெண்களும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் கூலியில்லாமல் போட்ட வடக்குக் கரை நன்றாக இறுகியிருந்தது. கசிந்தது தெற்குப் பக்கம். அங்கேதான் அவருடைய கதிர் வாங்கிய வயல் இருந்தது.

சற்று நேரத்தில் அவரே நனைந்துகொண்டு வந்தார். "ஆளுங்கள அனுப்பும்மா. கலிங்கத் தொறக்கணும்." என்னை அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பழக்க தோஷத்தில் ஆண்கள் எழுந்துவிட்டார்கள்.

"எல்லாரும் ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். அது இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

"போன தடவ கர ஒடஞ்சது யாராலங்க?"

"இப்ப அதுவா பேச்சு?"

"அதுதாங்க பேச்சு."

அவர் குரலைத் தாழ்த்தி, "நாந்தான் அடைக்கச் சொன்னேன். போதுமா?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சதுதாங்க. ஊருக்குச் சொல்லுங்க" என்று ஜீப்பைக் காட்டினேன். வந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் மைக்கைப் போடச் சொன்னார்.

"போன தடவ கலிங்க அடைக்கச் சொன்னது நாந்தான். தொறக்க மாட்டேன்னதும் நாந்தான். அவன் மேல தப்பில்ல."

"அவன் இல்லீங்க, அவரு" என்றேன்.

"அவரு மேல தப்பில்ல."

ஆண்கள் கடப்பாரையை எடுத்தார்கள். அப்போது உள்ளேயிருந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு. மேலத்தெரு வரைக்கும் கேக்கட்டும்."

ஆண்கள் நின்றார்கள். அவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன். முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் சொன்னார்.

ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் தெற்குக் கரை உடைந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, வயல் மட்டும் மிஞ்சவில்லை. அந்த இரண்டாவது தடவை சொல்லாமல் இருந்திருந்தால் கதிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். அம்மா கேட்டது ஒரே ஒரு தடவை. பத்துத் தடவை கேட்டிருந்தாலும் சொல்ல வைத்திருப்பேன்.