காளைக்குப் பார்த்த சோதனை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில், என் மாமனார் வீட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருடம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை. காளை மாட்டுக் கதைக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். போகப் போகத் தெரியும்.

மாமனாருக்குக் கொஞ்சம் நிலம், நாலைந்து மாடுகள். ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது அவருடைய பொலிகாளைதான். செவலை நிறம், கழுத்துத் திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பசு பருவத்துக்கு வந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் எங்கள் தொழுவத்துக்குத்தான் ஓட்டி வருவார்கள். அந்தக் காளையைக் கன்றிலிருந்து வளர்த்தவர் என் கணவர். அவர் வாரம் முழுக்க மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் இருப்பார். பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக்குள் நின்று தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, காயின் பச்சை நிறம் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினால் முதலில் தொழுவத்துக்குப் போவார். காளையின் தாடையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குள் நுழைவார்.

அந்த வருடம், எங்களிடம் வந்து போன பசுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சினை பிடிக்கவில்லை. மாமனார் அசரவில்லை. "மாட்டுல கோளாறு இருக்கும். காளைக்கு என்ன, மலை மாதிரி நிக்குது" என்று எல்லோரையும் அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் காலையில், எங்கள் தெருவில் பால் மாடு வைத்துப் பிழைக்கிற ஓர் அக்கா வந்தார். அவருடைய பசுவும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த அக்கா சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"அண்ணே, எம் மாட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயி டாக்டரம்மாகிட்ட காட்டிட்டேன். ஒரு குத்தமும் இல்லங்கிறாக. ஒங்க காளைய என்னைக்காச்சும் காட்டியிருக்கீகளா?"

நான் கழுநீர் வாளியோடு தொழுவ வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவர் பேசியது மாட்டைப் பற்றி. அது ஏன் என்னைத் தைத்தது என்று அந்த நேரம் விளங்கவில்லை. உள்ளே போய், போன காரியம் மறந்துபோய், திரும்பி வந்தேன்.

ஆறு வருடமாக நான் பார்க்காத சோதனை இல்லை. ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு சோதனை. அன்றைக்கு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்சில் தனியாகத் திரும்பினேன். எல்லாவற்றிலும் "நல்லாத்தான் இருக்கு" என்றே வந்தது. நன்றாக இருக்கிறது என்றால் பின்னே ஏன் என்று நானே கேட்டுக்கொள்வேன். முதல் தடவை போனபோதே, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அத்தை, அதாவது என் மாமியார், "அவனுக்கு என்ன கொறை? மூடை தூக்குற ஆம்பளை" என்றார். என் கணவர், "இப்ப லீவு கிடைக்காது" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. எனக்கும் அது அப்படித்தான் போலிருக்கிறது என்று பழகிவிட்டது.

அக்கா கேட்ட கேள்வி மாமனாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "பாத்துட்டாப் போச்சு. கோளாறுன்னா கேரளா லாரில ஏத்திவிட்டுர்றேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் மாட்டுத் தரகரிடமும் பேசிவிட்டார். அந்த லாரியில் ஏறுகிற மாடு அறுப்புக்குத்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காளையைப் பிடிக்கத் தான் இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டார். எனக்குச் சொல்லாத லீவு காளைக்குக் கிடைத்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைப்பது சரியா தப்பா என்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மாட்டு டாக்டரம்மா ஒரு ஜீப்பில் வந்தார். சின்ன வயசுதான். அக்காவின் பசு அன்று பருவத்தில் இருந்ததால் அதையே கொண்டுவந்து கட்டினார்கள். "கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர் வேணும்மா" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். வெந்நீரை, காளையின் விந்தைப் பிடிப்பதற்கான இரண்டு சுவருள்ள ஒரு ரப்பர் குழாயின் சுவர்களுக்கு நடுவே ஊற்றினார். பொம்பளைகள் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டோம். சிறிது நேரத்தில் டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கைக்குள் பொத்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். குளிர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடுமாம். ஜன்னலோரம் மேசை போட்டு மைக்ராஸ்கோப்பைத் தயாராக வைத்திருந்தார். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"பாக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மாமனாருக்குக் கண்ணில் புரை. என் கணவர் கையெல்லாம் கயிறும் சாணியும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன்.

முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு மங்கலான வெளிச்சத்தில் பொடிப்பொடியாக, வாலோடு ஏதேதோ. பெரும்பாலானவை அசையவே இல்லை. சில நின்ற இடத்திலேயே வட்டமடித்தன. ஒன்றிரண்டு மட்டும் நேராகப் போயின, அதுவும் தள்ளாடிக்கொண்டு. மலை மாதிரி நிற்கிற காளைக்குள்ளே இப்படியா என்று எனக்கு நம்ப முடியவில்லை.

அக்காவின் பசுவுக்குச் சினை ஊசி போடுவதற்காக டாக்டர் ஓர் உருளை வடிவக் கேனைத் திறந்தார். வெள்ளையாகப் புகை வழிந்து மேசை விளிம்பில் இறங்கியது. உள்ளேயிருந்து ஈர்க்குச்சி கனத்தில் ஒரு குழலை எடுத்து, நான் கொண்டுவந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தார். ஊசிக்கு எடுப்பதற்கு முன் அதிலிருந்தும் ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு, "இதையும் பாருங்க" என்றார். அங்கே திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரே ஓட்டம்.

"இது யாரோட... எந்தக் காளையோடது?" என்று கேட்டேன்.

"எங்கயோ பண்ணையில உள்ள காளை. எடுத்து வருஷக்கணக்கா ஆச்சும்மா. நைட்ரஜன் குளிர்ல அப்படியே உறைஞ்சு கிடக்கும். அந்தக் காளை இப்ப உசுரோட இருக்கோ இல்லையோ."

செத்திருக்கக்கூடிய காளையுடையது ஓடுகிறது. தொழுவத்தில் உயிரோடு அசை போடுகிற காளையுடையது அசையாமல் கிடக்கிறது. மறுபடியும் ஒரு தடவை குனிந்து பார்த்தேன்.

டாக்டர் மாமனாரிடம், "ஆடி மாசம் இந்தக் காளைக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சாய்யா?" என்று கேட்டார். வந்தது. மூணு நாள் காய்ச்சல் என்று சொல்வார்களே, அதுதான். எழுந்திரிக்காமல் படுத்துக் கிடந்து, பிறகு தானாகவே தேறிவிட்டது. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அதான். காளை கெட்டுப் போகலை. விதை ஏன் உடம்புக்கு வெளிய தொங்குது? உடம்புச் சூட்டைவிட அது கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும். காய்ச்சல்ல சூடு ஏறினதும் உள்ள உருவாகிட்டிருந்ததெல்லாம் வீணாப் போச்சு. திரும்பப் புதுசா உருவாகக் கொஞ்ச காலம் ஆகும். ரெண்டு மாசம் பசுவோட சேக்காம, நிழல்ல கட்டி வைங்க. மறுபடி பாப்போம். லாரிக்கெல்லாம் அவசரப்பட வேணாம்."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். மாமனார் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. என் கணவர் மட்டும் வாசல்படியிலேயே நின்றார்.

"டாக்டரம்மா, காய்ச்சல் இல்லாம, சும்மா சூட்டுல நின்னாலும் அப்படி ஆகுமா?"

"தினமும் கடுஞ்சூட்டுல நின்னா ஆகலாம்ண்ணே. அதான் வெயில்ல கட்டாதீங்கங்கிறேன்."

"சரிங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை. காளைக்காகக் கேட்டாரா, ஸ்டோர் அடுப்புச் சூட்டை நினைத்துக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி கேட்டுவிடலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஜீப் ஏறிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க என் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு நேரம் கோபம் வந்தது. ஒரு மாட்டுக்குக் காட்டிய நியாயத்தை எனக்குக் காட்ட ஆறு வருடத்தில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று. இன்னொரு நேரம், நான் பாட்டுக்கு எதையோ எதோடோ முடிச்சுப் போடுகிறேன் என்று தோன்றியது. அவர் கேட்டது காளையைப் பற்றியாகவே இருந்துவிட்டால்?

வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, அவரே போன் செய்தார். மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று பேசினார் போலிருக்கிறது, காற்று இரைந்தது.

"நீ போற ஆஸ்பத்திரில ஆம்பளைகளுக்கும் பாப்பாகளா?"

"பாப்பாக."

"சரி. நான் வர்றேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லேப்பில் ஒரு டப்பாவைக் கொடுத்து, ஒரு சின்ன அறையைக் காட்டினார்கள். அவர் உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெறும் டப்பாவோடு வெளியே வந்தார். "முடியல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அங்கிருந்த நர்சம்மா நல்லவர். வீட்டிலிருந்தே கொண்டுவரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், குளிர விடக்கூடாது, உடம்போடு ஒட்டி வையுங்கள் என்று அனுப்பினார்.

மறுநாள் அந்த டப்பாவைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினோம். வழியில் ஏதோ கட்சி ஊர்வலம். பஸ் நின்றுவிட்டது. அவருக்கு வியர்த்தது. "சூடு கூடிருச்சோ?" என்றார். "காத்து அடிக்குதே, குளுந்துருச்சோ?" என்றார். நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். பிறகு கொஞ்சம் திறந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பி, "நெஞ்சு வலிக்குதாண்ணே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "இல்ல" என்றோம். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். கல்யாணமாகி அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்திருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முடிவு வந்தது. எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு. ஆஸ்பத்திரி டாக்டர் அவர் வேலையை விசாரித்தார். சூடும் ஒரு காரணமாக இருக்கலாம், அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, முடிந்தால் வேலையை மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிடுங்கள் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு நிம்மதி வந்தது. என்னால் இல்லை. உடனே அந்த நிம்மதி கூசியது. இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எப்படி நிம்மதி வரலாம்? அதற்கும் பின்னால் கோபம். ஆறு வருடம். எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல், "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே சொன்னார். "ஆத்தா, இனி அவளை ஒண்ணும் சொல்லாதீக. கோளாறு எங்கிட்டதான்."

அத்தை நம்பவில்லை. லேப்பில் ஆள் மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்றார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். மாமனார்தான் சற்று யோசித்துவிட்டு, "காளைக்கு வந்தது மாதிரிதான? சரியாப் போகும்பா" என்றார். ஆறுதலா, கேலியா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் குரல் உடைந்திருந்தது.

காளைக்குச் சரியாகிவிட்டது. இரண்டாவது தடவை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக ஓடின. அடுத்த வருடம் எங்கள் காளையின் கன்றுகள் தெருவில் துள்ளின. தரகர் வருவதை நிறுத்திவிட்டார்.

என் கணவர் ஸ்டோரை விட்டுவிட்டு அதே எஸ்டேட்டில் களை எடுப்பு, காய் பறிப்பு என்று வெளி வேலைக்கு மாறிக்கொண்டார். அடுத்தடுத்துப் பார்த்த சோதனைகளில் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் போதவில்லை என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. இதை எழுதும்போதுகூட, அந்த ஆடியில் மட்டும் அந்தக் காளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நான் எங்கே நின்றிருப்பேன் என்று நினைத்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. குழந்தை கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாமல்தான் ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். ஆனால் அந்தத் தெரியாமை இப்போது எனக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.