அவர் தொடாத மூணாவது மெஷின்

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும் அந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். டிபன் பாக்ஸுக்கு அடியில் சிடி வைத்திருப்பார். அதைச் சட்டையில் மூணு தடவை துடைக்காமல் மெஷினில் போட மாட்டார்.

அப்போது லெப்பைக்குடிக்காட்டில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமையானால், துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் முகத்தைக் கேமராவில் பார்க்கப் பெண்கள் வருவார்கள். ஒரு வைரஸ் புகுந்து, நெட் போட்ட ஒரே நிமிஷத்தில் மூணு மெஷினும் தானாக அணைய ஆரம்பித்தன.

சர்வீஸ்காரர் வந்து, அந்த சிடியிலிருந்து வைரஸைத் தடுக்கும் பேட்ச்சை இரண்டுக்கு மட்டும் போட்டார்.

"மூணாவதுக்கு?"

"பழைய சிஸ்டம், பாய். பேட்ச் போட்டா அப்புறம் கேமரா ஓடும்னு சொல்ல முடியாது. ஒண்ணு இருக்கட்டும்."

அப்படியே ஆச்சு. பேட்ச் போட்ட இரண்டும் அணையவில்லை, கேமராவும் ஓடவில்லை. பெண்கள் மூணாவதின் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு நிமிஷம் முகம் தெரியும், அணைந்துவிடும். திரும்ப ஆன் பண்ணினால் அடுத்த ஆள்.

எனக்குக் கோபம். அடுத்த வெள்ளிக்கிழமை அவரை வரவழைத்து, "இது என்னங்க வேலை? இதையும் சரி பண்ணிட்டுப் போங்க" என்றேன்.

சிடியைத் துடைத்துக்கொண்டே வரிசையைப் பார்த்தார். "சரி பண்ணிரவா?" என்று அந்தப் பெண்களைக் கேட்டார்.

"வேணாங்க!" என்றார்கள், எல்லோரும் ஒன்றாக.

சிடி மறுபடி டிபன் பாக்ஸுக்கு அடியில் போனது. அவருக்குத் தொழில் தெரியுமா, தெரியாதா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.